ஐந்து நிமிடக் குடித்தனம்

என் கணவர் வெளிநாட்டுக்காரர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றிக் காட்டும் வேலையில் இருந்தார். கோலாலம்பூரில் ஒரு வாடகைக் கார் கம்பெனி. விமானத்தில் வந்து இறங்குகிறவர்களுக்கு நகரம் இரண்டே நாளில் சலித்துவிடும். வெளியே எங்கேயாவது கூட்டிப்போ என்பார்கள். மலாக்கா ஒரு நாள், கடற்கரை ஒரு நாள், அதற்குப் பிறகு கேமரன் மலை. தாப்பாவில் பெரிய சாலையை விட்டுத் திரும்பி, வளைந்து வளைந்து ஏறி வரவேண்டும். வழியில் ஓர் அருவி. மேலே வந்தால் பிரிஞ்சாங்கில் ஹோட்டல், கியா பார்மில் முட்டைக்கோசும் ஸ்ட்ராபெரியும். இவற்றுக்கு நடுவில் எங்கள் தேயிலைத் தோட்டம். அங்கே சாலையை ஒட்டிய செடி நிரையில் கூடையோடு நான் நின்றுகொண்டிருப்பேன்.

கல்யாணமான புதிதில் அவர் இதே தோட்டத்தில்தான் லோரி ஓட்டினார். எழுபதுகளின் கடைசியில் கோலாலம்பூர் வேலை கிடைத்தது. அங்கே வேறு டிரைவர்களோடு ஒரே அறையில் தங்கல். “வீடு ஒண்ணு பாத்துட்டு வந்து உன்னக் கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் இருந்த லயத்து வீடு தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத்தான். நான் வேலையை விட்டுப் போனால் வீட்டை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். திரும்பி வந்து நிற்கக்கூட இடமிருக்காது. அதனால் அங்கே வீடு உறுதியாகும்வரை நான் இங்கேயே இருப்பது என்று பேச்சு. அப்போது என் தம்பியும் என்னோடு இருந்தான். எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

மலைப்பாதையில் எல்லா வண்டியும் வளைவில் ஹாரன் அடிக்கும். இவர் மட்டும் இரண்டு தடவை குட்டையாகவும் ஒரு தடவை நீளமாகவும் அடிப்பார். அந்தச் சத்தம் கேட்டதும் நிரையில் இருக்கும் பெண்கள் ஆரம்பித்துவிடுவார்கள். “அக்கா, மாப்பிள்ள வந்துட்டாருலா! பவுடர் போடலியா?” கங்காணி நல்ல மனிதர். எதுவும் கேட்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். என்னை எப்போதும் ரோட்டோர நிரையிலேயே நிறுத்தியதும் அவர்தான்.

கார் நிற்கும். துரையும் தொரசாணியும் இறங்குவார்கள். இவர் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்பார். நான் அவரை முன்பின் பார்த்ததே இல்லை என்பதுபோல் கொழுந்தைப் பறித்துக்கொண்டிருப்பேன். அது கம்பெனி கண்டிப்பு. சுற்றுலா வந்தவர்களின் நேரத்தில் டிரைவர் சொந்த வேலை பார்க்கக்கூடாது. வந்தவர்களைத் தன் அண்ணன் கடைக்குச் சாப்பிடக் கூட்டிப்போன ஒரு டிரைவருக்கு அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிட்டது என்று இவர் சொல்லியிருந்தார். “அவங்க முன்னாடி நீ யாரோ, நான் யாரோ. காட்டிக்காத.” நடிப்பு எனக்கு நன்றாகவே வந்தது.

அப்போது எங்கள் தோட்டத்தில் கொழுந்து வெட்டக் கத்தரி வந்துவிட்டது. வெட்டியது விழப் பெட்டி வைத்த பெரிய கத்தரி. சரக் சரக்கென்று வெட்டிக்கொண்டே போகலாம். வந்தவர்களுக்கு அது பிடிக்காது. அதைக் கீழே வைத்துவிட்டுக் கையால் கிள்ளச் சொல்வார்கள். கிள்ளுவேன். தலையைக் கொஞ்சம் சாய்க்கச் சொன்னால் சாய்ப்பேன். அவர்கள் படம் எடுக்கும் அந்த ஐந்து நிமிடம்தான் நாங்கள் குடித்தனம் நடத்திய நேரம்.

“கூரை ஒழுகுது. ஆபீஸ் கிராணிகிட்ட சொல்லியாச்சு, ஒண்ணும் நடக்கல” என்பேன், கொழுந்தைப் பார்த்துக்கொண்டே.

“என்ன சொல்கிறாள்?” என்று தொரசாணி கேட்பாள். இவர் கையை மலைப்பக்கம் நீட்டி இங்கிலீஷில் ஏதோ சொல்வார். அவளும் தலையை ஆட்டுவாள். அடுத்த முறை வரும்போது கேட்டால், “இங்க மழ ஜாஸ்தி, அதனாலதான் தேயில நல்லா வளருதுன்னு சொன்னேன்” என்பார். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். என் பல்வலி, சம்பளப் பிடித்தம், பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் இப்படித்தான் தேயிலையைப் பற்றிய நல்ல நல்ல தகவல்களாக மாறி ஊர் ஊராகப் போயிருக்கும்.

ஒரு முறை மட்டும் சிரிப்பு வரவில்லை. தம்பி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று சொல்லவேண்டியிருந்தது. “இனி நான் ஒத்தையாத்தான் இருக்கேன்” என்று சொல்லும்போதே கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. தொரசாணி பதறிப்போய்க் கேட்டாள். காத்து, கண்ணில் தூசி என்று இவர் சொல்லியிருக்கவேண்டும். அவள் தன் பையிலிருந்து ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள். இவர் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு எல்லோரும் ஏறிப் போய்விட்டார்கள்.

அதற்கப்புறம் வீடு பெரியதாகிவிட்டது. இரண்டே அறைதான், ஆனாலும் பெரியதாக இருந்தது. ஒரு ஆளுக்குச் சோறு வடிப்பது எவ்வளவு வெறுப்பான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்று மணிக்கே பனி இறங்கி எதிர் லயத்தை மறைத்துவிடும். கதவைச் சாத்தினால் என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்கும். தீபாவளிக்கு அவர் வருவார். ஆனால் வீடு நிறைய அவருடைய சொந்தக்காரர்கள் இருப்பார்கள். அவர் ஆண்களோடு, நான் அடுப்போடு. பிள்ளை இல்லையா என்று யாராவது கேட்டால், ரோட்டோரத்தில் நின்று பேசினால் பிள்ளை வருமா என்று திருப்பிக் கேட்பேன்.

எனக்கு அவரிடம் கேட்கவேண்டியது ஒன்றே ஒன்றுதான். வீடு பார்த்தாகிவிட்டதா, என்னை எப்போது கூட்டிப்போவீர்கள்? அது ஐந்து நிமிடத்தில் கேட்கிற கேள்வி இல்லை. கேட்டால் அவர் பதில் சொல்லவேண்டும், அதற்கு நான் ஒன்று சொல்லவேண்டும், நடுவில் அழுகை வரலாம், கோபம் வரலாம். அதற்குள் படம் எடுத்து முடிந்துவிடும். அதனால் ஒவ்வொரு தடவையும் கூரை, பல்வலி என்று சின்னச் சின்னதாகச் சொல்லி அனுப்பிவிட்டு, பெரிய கேள்வியை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்வேன். நாலைந்து வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

பிறகு ஒரு நாள் வயதான தம்பதி ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்தார். எந்த நாடு என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மாளிடம் கேமரா இல்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று காலையில் நல்ல மழை. இவர் ரோட்டோரப் புல்லில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய வெள்ளைக் காலுறையில் ஒரு அட்டை ஏறுவதைப் பார்த்தேன். யோசிக்கவே இல்லை. குனிந்து அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அவர் காலில் ஓர் அடியும் போட்டேன். “புல்லுல நிக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?”

எந்த ஊரிலும் முன்பின் தெரியாத டிரைவரை ஒருத்தி அப்படி அடிக்கமாட்டாள். அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், விழுந்து விழுந்து சிரித்தாள். “ஒய்ஃப்?” என்று கேட்டாள். அந்த வார்த்தை எனக்கும் தெரியும். இவர் முகம் வெளுத்துப்போனது. கடைசியில் தலையை ஆட்டினார்.

வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த இரண்டு பேரும் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டு, அவரிடம் சொன்னார்கள். எங்களைப் பிரிஞ்சாங் ஹோட்டலில் விட்டுவிட்டு நீ வீட்டுக்குப் போ, நாளைக்குப் பத்து மணிக்கு வந்தால் போதும், கம்பெனிக்கு நாங்கள் எதுவும் சொல்லமாட்டோம். அவர் அதைத் தமிழில் எனக்குச் சொன்னபோது எனக்கு அவர்கள் காலில் விழலாம் போல இருந்தது.

கங்காணியிடம் அரைநாள் கேட்டேன். “போம்மா, போ” என்றார். பெண்கள் செய்த கேலியை எழுத முடியாது. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து, குளித்து, டின் மீன் குழம்பும் கோசுப் பொரியலும் வைத்தேன். இரண்டு பேருக்கு அரிசி அளக்கும்போது வாய் தானாகப் பாட்டுப் பாடியது. அவர் ஹோட்டலிலிருந்து வந்து காரைக் கீழே நிறுத்திவிட்டு ஏறி வந்தார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அப்படி இருந்து வருஷக்கணக்காகிவிட்டது.

“கூரை?” என்றார், சாப்பிட உட்கார்ந்ததும்.

“அடச்சாச்சு.”

“தம்பி?”

“காயிதம் போட்டான். நல்லாருக்கானாம்.”

“பல்லு வலி?”

“புடுங்கியாச்சு. உங்க முதுகு?”

“பரவால்லலா.”

தட்டில் பாதிச் சோறு இருக்கும்போதே பேச்சு தீர்ந்துவிட்டது. நாங்கள் எல்லாவற்றையும் அவசர அவசரமாகச் சொல்லிப் பழகிவிட்டோம். நீட்டிச் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை. சாப்பிட்டுக் கை கழுவினார். தண்ணி கலக்கிக் கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் தேநீரை அப்படித்தான் சொல்வோம். குடித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். சுவரில் இருந்த சாமி படத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து, “காடிய ஒரு கழுவு கழுவிட்டு வந்துர்றேன்” என்று வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

காலையில்தான் மழை காரைக் கழுவியிருந்தது. மேலே வாசற்படியில் உட்கார்ந்து, அவர் ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கோலாலம்பூரில் இருந்தபோதுகூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை. இன்றைக்குக் கேட்காவிட்டால் இனி எப்போதுமே கேட்கமாட்டேன் என்று தோன்றியது.

திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கேட்டுவிட்டேன்.

“வீடு பாத்தீங்களா?”

எதிரே பனி தேயிலைமேல் இறங்கிக்கொண்டிருந்தது. கையை நீட்டினார். ரோட்டில் நின்று வெள்ளைக்காரர்களுக்குக் காட்டும்போது எப்படி நீட்டுவாரோ, அப்படியே.

“இதப் பாரு. இந்தப் பச்ச, இந்தக் குளிரு. எங்கயோ இருந்து ப்ளேன் ஏறி, ஹோட்டலுக்குக் காசு கட்டி, இதப் பாக்கத்தான் வர்றாங்க. நீ சும்மாவே உக்காந்து பாக்குற. அங்க வந்து என்னா பண்ணப் போற? ஒரே சூடு. ஜன்னலத் தொறந்தா பக்கத்து வீட்டுச் செவரு.”

“நான் எங்க உக்காந்து பாக்குறேன்? கூடையோட நிக்கிறேன்.”

அவர் சிரிக்கவில்லை.

“பாத்தீங்களா, பாக்கலியா?”

“மொத வருசம் பாத்தேன். அப்புறம் பாக்கல” என்றார். பொய் சொல்ல அவருக்கு வராது. “நீ இங்க இருக்கிறதே நல்லாத்தான் இருக்கு.”

“யாருக்கு?”

“மாசத்துக்கு ஒரு தடவையாச்சும் மேல வர்றேன். நீ ரோட்டுல நிக்கிற. பாத்துட்டுப் போறேன். எனக்கு அது போதும்லா.”

வேறு யாராவது இருக்கிறாளோ என்று அந்த நிமிஷம் நினைத்தேன். இருந்திருந்தால் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கலாம். யாரும் இல்லை என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் கெட்டவரும் இல்லை. சம்பளத்தில் பாதியை ஒழுங்காகக் கொடுத்தனுப்புகிற மனிதர். அவருக்கு வேண்டிய அளவுக்கு நான் அவருக்கு இருந்தேன், அவ்வளவுதான். எனக்கு வேண்டிய அளவு என்று ஒன்று இருப்பது அவருக்குத் தோன்றவே இல்லை. “சரி” என்று சொல்லிவிட்டு விளக்கேற்ற உள்ளே போனேன்.

மறுநாள் பத்து மணிக்குத்தான் அவர்கள் வரச்சொல்லியிருந்தார்கள். பசியாறக்கூட நிற்காமல், விடிந்ததும் கிளம்பிவிட்டார். சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, “வர்றேன்” என்றார். போய்விட்டு வாங்க என்றேன். வேறு என்ன சொல்வது?

அன்றைக்குக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில் கங்காணியிடம் போய், என்னை மேல் மலைக்கு மாற்றச் சொன்னேன். அது பின்பக்கச் சரிவு. ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. ஏறினால் மூச்சு வாங்கும், அட்டையும் அதிகம், யாரும் கேட்டு வாங்கிப் போகிற இடமில்லை. கங்காணி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“மேல எதுக்கும்மா? ரோட்டோரம்னா ஆள் மொகம் பாக்கலாமே?”

“பாக்க வர்றவங்க வேற யாரையாச்சும் பாத்துக்கட்டும், கங்காணி” என்றேன்.

மேல் மலையில் யாரும் கத்தரியைக் கீழே வைக்கச் சொல்லவில்லை. அழுகை வந்தால் அழுதேன். காத்து என்று யாரும் சொல்லவில்லை. அவர் வரட்டும், வந்து என் இடத்தில் நான் இல்லை என்று பார்க்கட்டும், ஏன் மேலே போனாய் என்று கேட்க ஏறி வரட்டும் என்று மனம் எண்ணிக்கொண்டே இருந்தது. சரிவில் ஒரு ஒற்றையடிப் பாதை இருந்தது. ரோட்டிலிருந்து சீக்கிரமே ஏறிவிடலாம். அவருக்கும் தெரிந்த பாதைதான்.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம், ரோட்டோர நிரையில் எனக்குப் பதிலாக நின்றவள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் என்னைத் தேடி வந்தாள்.

“அக்கா, அண்ணன் இன்னிக்கு வந்தாரு. மூணு நாலு வெள்ளக்காரங்க. என்னய படம் புடிச்சாங்க.”

“என்னைய கேட்டாரா?”

“கேட்டாருக்கா. எங்கன்னாரு. மேல் மலைக்கு மாத்திக்கிட்டான்னேன்.”

“என்னா சொன்னாரு?”

“சரின்னாருக்கா.”

ஏறி வர நேரமிருந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்து நிமிடத்தில் மேலே வந்து திரும்ப முடியாதுதான். இருந்தாலும் மனம் கேட்கவில்லை. வண்டி எவ்வளவு நேரம் நின்றது என்று கேட்டேன்.

அவர்களுக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துவிட்டதாம். ரோட்டோரத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, கொண்டுவந்த ரொட்டியைச் சாப்பிட்டு, நன்றாகப் பனி இறங்கிய பிறகுதான் எழுந்தார்களாம். அதுவரைக்கும் அவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தாராம்.