சாட்சி சொன்ன ஞாயிறு

படகின் பின்புறத்தில் பூட்டுகிற எஞ்சின்களைத் திருத்துவது என் தொழில். கலியாணத்துக்கு முன்பிருந்தே உட்துறைமுகப் பக்கத்தில் ஒரே பட்டறையில் வேலை செய்தேன். முதலாளி எங்கள் சபைக்காரர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எனக்கு முன் வாங்குப்பலகையில் இருப்பார். கிழமை நாட்களில் பட்டறையைத் திறந்ததும் எங்களைச் சுற்றிவர நிற்கவைத்து ஜெபிப்பார். வேலை செய்தவர்களில் சைவர்களும் முஸ்லிம்களும் இருந்தார்கள். அவர்களும் கைகட்டி நின்று, ஆமென் கேட்டதும் கலைந்து போவார்கள். நான் அந்த ஜெபத்தை நம்பினேன். இப்போது நினைக்கச் சிரிப்பு வருகிறது. நல்ல சிரிப்பில்லை.

எனக்குப் பாட வராது. எழும்பி நின்று நாலு பேர் கேட்க ஜெபிக்கவும் வராது. ஆனால் எஞ்சினுக்கு மூடி போட்டு இறுக்கிவிட்டால் உள்ளே என்ன செய்தோம் என்பது செய்தவனுக்கும் ஆண்டவருக்கும் மட்டுந்தான் தெரியும். கடலுக்குப் போகிறவன் அதைத் திறந்து பார்ப்பதில்லை. ஆகவே அந்த மூடிக்குள் ஒழுங்காக இருப்பதுதான் என்னுடைய ஆராதனை என்று வைத்துக்கொண்டேன். "உங்கட வேதம் கிறீசுக்குள்ள கிடக்கு" என்று மனைவி பகிடி பண்ணுவாள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

டொலர் இல்லையென்று நாடே வரிசையில் நின்ற காலத்தில் உதிரிப்பாகங்கள் வருவது நின்றது. எஞ்சினுக்குள் தண்ணீர்ப் பம்பில் ஒரு சின்ன இரப்பர் விசிறி இருக்கும். கடல் தண்ணீரை இழுத்து எஞ்சினைக் குளிரவைப்பது அதுதான். அது பிய்ந்தால் எஞ்சின் சூடேறி இறுகிவிடும். ஒருநாள் முதலாளி கழற்றிப்போட்ட பழைய விசிறிகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். மண்ணெண்ணெயில் கழுவி மினுக்கியிருந்தார்.

"தம்பி, இதுகளையே பூட்டிவிடும். புதுசெண்டு சொன்னாப் போதும்."

"அண்ணன், நடுக்கடலில பிய்ஞ்சா?"

"கரையோட போறவைதானே. கர்த்தர் காப்பார்."

"என்னால ஏலாது, அண்ணன்."

அவர் கோபிக்கவில்லை. என் தோளைத் தட்டினார். "சரி. உமக்கு மனம் ஒப்பாட்டி விடும்" என்று அவற்றை அள்ளிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். அங்கே இருந்தவன் என்னோடு ஒன்றாகச் சாப்பிடுகிறவன். தலையைக் குனிந்தபடி வாங்கி வைத்தான். நான் பிறகும் முதலாளியிடம் போய், இது வேண்டாம் என்று சொன்னேன். மனைவியிடம் சொன்னேன். வந்த படகுக்காரர்களில் கேட்டவர்களுக்கெல்லாம், என் கையால் பூட்டினால்தான் எடுத்துக்கொண்டு போங்கள் என்றும் சொன்னேன். அதனால் கொஞ்ச நாளில் என்னைப் பட்டறையில் வைத்திருப்பதைவிட வெளிவேலைக்கு அனுப்புவதே முதலாளிக்கு வசதியாகிவிட்டது.

அப்படிக் குச்சவெளிப் பக்கம் போயிருந்த ஒரு கிழமையில்தான் கிண்ணியாக்காரர் ஒருவர் தன் எஞ்சினைத் திருத்தி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அவரும் அவருடைய தம்பியுமாகக் கடலுக்குப் போனார்கள். எஞ்சின் நின்றுவிட்டது. போன் எடுபடாத தூரம். காற்று அவர்களை வெளியே தள்ளிக்கொண்டு போனது. கடைசியில் பெரிய படகொன்று கண்டு பக்கத்தில் வந்தபோது அலை தூக்கி அடித்தது. இரண்டு படகுக்கும் இடையில் தம்பியின் வலது கை அகப்பட்டுக்கொண்டது. உயிர் தப்பினான். விரல்கள் தப்பவில்லை. பெருவிரலும் அடுத்ததும் மட்டும் மிச்சம். அவனுக்குக் கலியாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அந்த எஞ்சினைப் பட்டறைக்குக் கொண்டுவந்தபோது நான்தான் திறந்தேன். விசிறி துண்டுதுண்டாகக் கிடந்தது. ஒரு இதழில் கத்தியால் வெட்டிய தடம், அதன்மேல் பசை. பாவிக்க ஏலாத விசிறியை யாரும் மறுபடி பூட்டக்கூடாதென்று வெட்டி எறிவது என் வழக்கம். என் வெட்டை நானே கண்டேன். அதை ஒட்டி, காய வைத்து, ஒரு மனிசனுடைய எஞ்சினுக்குள் வைத்திருக்கிறார்கள்.

துண்டுகளை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனேன். அவர் பார்த்ததும் கதிரையில் சாய்ந்து அழுதார். உண்மையாகவே அழுதார். அதை இன்றைக்கும் பொய்யென்று என்னால் சொல்ல ஏலாது.

"நான் சரிப்படுத்துறன், தம்பி. எனக்குக் கொஞ்சம் நேரம் தாரும்."

அந்தக் குடும்பத்துக்கு ஒரு எஞ்சின் கொடுத்தார். நல்ல எஞ்சின். காரணத்தை மட்டும் வாயால் சொல்லவில்லை. சரி, வெட்கத்தில் மெல்ல மெல்லத்தான் சொல்லுவார் என்று பொறுத்திருந்தேன். மினுக்கிய விசிறிகள் மேசையிலிருந்து மறைந்தன. அது எனக்குப் போதுமாயிருந்திருக்கும்.

பிறகு அறுவடைப் பண்டிகை வந்தது. பீடத்துக்கு முன் வாழைக்குலையும் பூசணிக்காயும் கந்தளாய் நெல்லுமாக அடுக்கியிருந்தார்கள். போதகர், ஆண்டவர் தங்களுக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல விருப்பமானவர்கள் வரலாம் என்றார். முதலாளி எழும்பிப் போனார். கடலில் தத்தளித்த ஒரு முஸ்லிம் குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். ஆண்டவர் தன் இருதயத்தைத் தொட்டதையும், வேற்று மதமென்று பாராமல் தான் எஞ்சின் கொடுத்ததையும் சொன்னார். குரல் தழுதழுத்தது. முன் வாங்குகளில் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். பின்னாலிருந்து ஒருவர் கைதட்ட, முழுச் சபையும் தட்டியது.

நான் எழும்பினேன். மனைவி என் சேட்டு நுனியைப் பிடித்து இழுத்தது தெரிந்தது.

"அண்ணன், அந்த எஞ்சின் ஏன் நிண்டதெண்டும் சொல்லுங்கோ."

முதலாளி என்னைப் பார்க்கவில்லை. மேலே கூரையைப் பார்த்தார். போதகர் பாட்டுப்புத்தகத்தை எடுத்து, எழுந்து நின்று பாடுவோம் என்றார். எல்லோரும் எழும்பினார்கள். அதன்பிறகு நான் நிற்பதற்கு ஒரு பொருளும் இல்லாமல் போனது. எல்லோரோடும் சேர்ந்து நானும் நிற்கிறவனாகிவிட்டேன்.

அடுத்த நாள் பட்டறை வாசலில், எஞ்சின் கழற்றுகிற என் சாவிகளின் பெட்டியைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பின்னேரம் போதகர் பாலையூற்றில் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"குற்றமிருந்தா தனியாப் போய்ச் சொல்லவேணுமெண்டுதானே வேதம் சொல்லுது" என்றார்.

"தனியாச் சொன்னனான், ஐயா. முதல் நாளே சொன்னனான்."

"சபைக்கு அவர் எவ்வளவு செய்யிறவர் எண்டு உங்களுக்குத் தெரியும்."

"ஓம். அது எனக்குத் தெரியும்."

தேத்தண்ணி குடித்துவிட்டு, எங்களுக்காக ஜெபித்துவிட்டுப் போனார். சமாதானத்துக்காக ஜெபித்தார். அதில் எஞ்சின் வரவில்லை.

எனக்கு ஒரு வழி இருப்பதாக நினைத்தேன். கிண்ணியாக்காரர் பொலிசில் ஒரு முறைப்பாடு கொடுத்தால் நான் போய்ச் சொல்லலாம். பஸ் எடுத்து அவருடைய வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் வலை காய்ந்தது. தம்பி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கையை இடுப்புச் சாரத்துக்குள் மறைத்துக்கொண்டான். நான் கண்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். பெரியவர் முகம் மாறவில்லை.

"எனக்குத் தெரியும், தம்பி. எஞ்சின் நிண்ட நேரமே விளங்கின."

"அப்ப முறைப்பாடு குடுங்கோ. நான் வந்து சொல்லுறன்."

"குடுத்துப்போட்டு? நாளைக்கு எஞ்சின் பழுதானா ஆரிட்டப் போற? சாமான் அவர்ட்டத்தான் இருக்கு. தம்பிக்கும் வாசல்ல ஒரு வேல தாறதாச் சொல்லியிருக்கார்." எழும்பிப் போய் வலையைப் புரட்டிப் போட்டார். "ஒங்கட நேர்மைக்கு அல்லாஹ் கூலி தருவான். ஆனா எங்கட பேர இழுக்காதீங்க. இனி இஞ்ச வரவும் வேணாம்."

திரும்பி வரும்போது கிண்ணியாப் பாலத்தில் பஸ் கொஞ்சம் நின்றது. கீழே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆருக்காக எழும்பி நின்றேன் என்று கேட்டுப் பார்த்தேன். அவர்களுக்காக என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவர்களே வேண்டாமென்றுவிட்டார்கள்.

வீட்டில் மனைவி கேட்டாள். சொன்னேன்.

"அந்தக் கிண்ணியாக்காரர் சொன்னது சரி" என்றாள். "எங்களுக்கும் நாளைக்கு அடுப்பெரியவேணும்."

"அப்ப நான் பேசாமல் இருந்திருக்கவேணுமோ?"

"அதுவும் ஏலாது உங்களுக்கு." அவள் குசினிக்குள் போய்விட்டாள்.

இப்போது வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டில் இறக்கி வேலை செய்கிறேன். எப்போதாவது ஆராவது ஒருவர் எஞ்சின் கொண்டுவருவார். உதிரிப்பாகம் வேண்டுமென்றால் நானும் அந்தப் பட்டறைக்குத்தான் போகவேண்டும். வேறு இடமில்லை. கேற்றைத் திறந்துவிடுகிறவன் அந்தத் தம்பிதான். இடது கையால் திறப்பான். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதில்லை. முதலாளி உள்ளேயிருந்து, "தம்பிக்கு விலை குறைச்சுக் குடுங்கோ" என்பார். நான் முழு விலையும் வைத்துவிட்டு வருவேன். அவர் அதையும் பொறுத்துக்கொள்கிறார். பொறுமை அவருக்குக் கைவந்துவிட்டது. எனக்குத்தான் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போகிறேன். திருவிருந்துக்கு மட்டும் எழும்புவதில்லை. மனைவி தனியே போய் முழந்தாளிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்கிக்கொண்டு வருவாள். போன மாதம் வாசலில் போதகர் என்னை மறித்து, "இன்னும் கோபமோ?" என்று கேட்டார்.

"ஓம், ஐயா" என்றேன்.

மேலும் ஏதாவது சொல்லுவேன் என்று அவர் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சைக்கிளை எடுத்தேன்.