ஜெபா வீடு சேர்ந்துவிட்டாள்

விளக்கு வைக்கும் நேரத்தில் என் கைபேசி ஒருமுறை ஒலித்து ஓய்ந்துவிடும். திரையில் ‘ஜெபா’ என்று பெயர் வரும். ஜெபா இறந்து மூன்று மழைக்காலம் ஆகிறது.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இந்த மிஸ்டு காலைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். நம் பக்கம் ஒருவர் மிஸ்டு கால் கொடுத்தால், ‘என்னிடம் காசில்லை, நீ கூப்பிடு’ என்று அர்த்தம். மும்பையில் எங்கள் கல்லூரிப் பெண்களுக்கு நேர்மாறு: ‘வீட்டுக்கு வந்துவிட்டேன், கூப்பிடாதே.’ நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து, மாட்டுங்கா லேபர் கேம்பில் மாமா வீட்டில் தங்கிப் படித்த எனக்கு இது எப்படித் தெரியும்? கல்லூரியில் சேர்ந்த புதிதில் ஒரு சாயங்காலம், எனக்கு மூத்த வகுப்பில் படித்த வித்யா அக்காவிடமிருந்து மிஸ்டு கால் வந்தது. மரியாதைக்குத் திரும்பக் கூப்பிட்டேன்.

“ஏண்டி திருப்பிக் கூப்பிடறே? நான் ஆத்துக்கு வந்துட்டேன்னு அர்த்தம். நீயும் போய்ச் சேர்ந்ததும் ஒரு ரிங் குடுத்துட்டு வெச்சுடணும். நான் எடுக்கமாட்டேன்” என்றாள். நான் பயந்துபோய், வீட்டில் இருந்துகொண்டே இன்னொரு ரிங் கொடுத்தேன்.

எங்கள் அமைப்புக்குத் தோழியர் வட்டம் என்று பெயர். கல்லூரியில் மற்றவர்கள் ‘அக்கா கேங்’ என்று கேலி செய்வார்கள். கைபேசி வராத காலத்தில் நான்கு தமிழ்ப் பெண்கள் ஆரம்பித்தது. இருவர் மாட்டுங்காவில் ஆபீஸ் வேலைக்குப் போகும் பாலக்காட்டுக் குடும்பங்கள், இருவர் தாராவி. ஒரே வகுப்பில் இருந்தும் அதுவரை ஒருத்தி வீட்டுப் படியை இன்னொருத்தி மிதித்ததில்லை. பெருமழையில் ரயில்கள் நின்றுபோன ஒருநாள், யார் வீடு போய்ச் சேர்ந்தாள் என்று தெரியாமல் நால்வரும் தவித்திருக்கிறார்கள். அன்றிலிருந்துதான் இந்த வழக்கம். கடை வாசலில் தொங்கும் காசு போனில், எதிர்முனையில் எடுப்பதற்குள் வைத்துவிட்டால் காசு திரும்ப விழுந்துவிடுமாம்.

வட்டத்தில் சட்டதிட்டம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. எந்தத் தெரு, என்ன ஆட்கள் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. நம் ஊர்ப் பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவளின் இரண்டாவது கேள்வியே அதுதான் என்பதால், எனக்கு அந்த மௌனம் பழக நாளானது. புதிதாக வருகிறவளுக்கு மூத்தவள் ஒருத்தி அக்காவாகி, தன் எண்ணை அவள் உள்ளங்கையில் பேனாவால் எழுதுவாள். தங்கையின் ரிங் வரும்வரை அக்கா சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது. படிப்பு முடிந்தாலும் இது முடியாது.

என் கடைசி வருடத்தில் எனக்குத் தங்கையாக வாய்த்தவள் ஜெபா. கோவண்டிக்காரி. தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், சண்டையெல்லாம் இந்தியில். வீட்டில் மட்டும் சுத்தமான திருநெல்வேலி. எதைச் சொன்னாலும் “டென்ஷன் நை லேனேகா அக்கா”, அதாவது கவலையே படக் கூடாது, என்று சிரிப்பாள். எனக்கு வேலையும் கல்யாணமும் ஆகி கோபர்கைரனேக்குக் குடிபோன பிறகும் அவளுடைய ரிங் தவறியதில்லை. மழை கொட்டிய ஒரு சாயங்காலம், குர்லாவில் ஏறிய கூட்டத்தில் வாசலோரம் தொங்கிக்கொண்டு வந்தவள் செம்பூர் வருவதற்குள் விழுந்துவிட்டாள். அன்று ரிங் வரவில்லை. தட்டில் போட்ட சோறு காய்ந்துபோனது.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அந்தப் பெயர் திரையில் வந்தது. அவள் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்று பிறகு புரிந்தது. எடுக்கவில்லை, திரும்பக் கூப்பிடவும் இல்லை. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். பெயரைப் பார்க்கும் அந்த நொடி ஜெபா உயிரோடு இருப்பாள், அடுத்த நொடி மறுபடி சாவாள். தினமும் இதையே அனுபவித்தால் யாருக்குத்தான் தாங்கும்? “நம்பரை பிளாக் பண்ணிடு” என்றார் கணவர். என்னால் முடியவில்லை. நேரில் போய், இனி வேண்டாம் என்று சொல்லிவிடுவது என்று போன மாதம் கோவண்டிக்குப் போனேன்.

வட்டத்து முறைப்படி ஜெபாவின் அம்மா எனக்குச் சித்தி. “வாட்டி பிள்ள” என்று கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்தார். சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே குடித்தேன். வெளியே இருட்டத் தொடங்கியது. சித்தி எழுந்து டியூப்லைட்டைப் போட்டார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஜெபாவின் போனை எடுத்து அழுத்தினார். என் பைக்குள் மணி அடித்தது. இரண்டு பேரும் அசையவில்லை. அது அடித்து ஓய்ந்தது.

“நான் இங்கதான சித்தி இருக்கேன்?”

“இருந்தா என்ன? நேரம் ஆயிட்டுல்லா.”

“ஜெபா வந்துட்டான்னு நெனைக்கியளா சித்தி?”

காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

“எனக்குப் புத்தி பெரண்டுட்டுன்னு நெனச்சியாக்கும்? எம்பிள்ளைக்கு எங் கையாலதான் மண்ணு போட்டேன். வீட்டுக்கு வந்து செருப்பக் கழத்துறதுக்கு முன்னாடியே ஒனக்குத்தான் ரிங் அடிப்பா. ‘ரிங் போகாட்டா அக்கா சாப்பிடமாட்டாம்மா’ம்பா. அன்னைக்கு அடிக்காமப் போயிட்டா. நீ வெறும் வயித்தோட உக்காந்திருப்பியேன்னுதான் நான் அடிக்கேன்.” என் டம்ளரை வாங்கிக்கொண்டு, “சாப்பிடுதல்லா?” என்றார்.

“சாப்பிடுதேன் சித்தி” என்றேன். அழுதுவிட்டேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

“மழ வருது, கெளம்பு. வீடு சேந்ததும் ஒரு ரிங் அடி” என்றார் வாசல்வரை வந்து.

வாஷியில் ரயில் மாறி வீடு வந்து சேர்ந்தேன். கணவர் இன்னும் வரவில்லை. நனைந்த குடையை ஓரமாக வைத்துவிட்டு, மூன்று வருடமாகத் தொடாத அந்தப் பெயரைத் தேடி அழுத்தினேன். ஒரு ரிங் போனதும் வைத்தேன். சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது போன் மறுபடி அடித்தது. இந்த முறை ஓயவில்லை. ஊரிலிருந்து அம்மா.

“ஏட்டி, வீட்டுக்கு எப்பத்தான் வருவ?” என்றாள்.