பச்சைப் பெயின்ட் படாத இடம்

அப்பா எழுதிவைத்த காகிதம் அரைப் பக்கம்தான். முனிர்கா வீடு அம்மாவுக்கு, மிஷின் பாப்பாவுக்கு. பாப்பா என்றால் நான்தான். அவர் அதை எழுதியபோது எனக்கு நாற்பத்தேழு வயது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். தலையில் இடது காதுக்கு மேலே உள்ளங்கை அளவுக்கு முடி முளைக்காத இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தை உண்டாக்கிய மிஷினைத்தான் அப்பா எனக்கு விட்டுவிட்டுப் போனார்.

அது ஒரு பழைய டிரில்லிங் மிஷின். தரையில் நிற்கும், என்னைவிட ஒரு சாண் உயரம். முதுகு ஒட்டகம் மாதிரி வளைந்திருக்கும். மேலே ஒரு அடுக்குப் புல்லி, கீழே முழங்கால் உயரத்தில் இன்னொன்று, இரண்டுக்கும் நடுவே தோல் பெல்ட்; வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ அதை அடுக்கு மாற்றிப் போட வேண்டும். அப்பா கோயம்புத்தூர்க்காரர். ராணுவ டெப்போ ஒன்றில் ஃபிட்டராக தில்லிக்கு வந்தவர், வேலையை விட்டுவிட்டு முனிர்காவில் இரண்டு அறை வாங்கி, முன்னறையில் பட்டறை போட்டார். மிஷினை ஏதோ ஏலத்தில் எடுத்தார். பின்னறையில் நாங்கள் குடியிருந்தோம்.

எனக்கு ஒன்பது வயதில் அது நடந்தது. பித்தளையைத் துளைக்கும்போது சுருள் சுருளாகத் தூள் விழும். அதைப் பொறுக்கி ஒரு டப்பாவில் சேர்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மிஷினுக்குப் பின்பக்கம் ஒரு நீளமான சுருள் கிடந்தது. குனிந்தேன். ஒரே இழுப்பு. அப்புறம் கூரையும் அப்பாவின் முகமும்தான் ஞாபகம் இருக்கிறது. கீழ்ப் புல்லிக்கும் பெல்ட்டுக்கும் நடுவே என் பின்னல் போய்விட்டது.

அதற்குப் பிறகு அப்பா அந்த மிஷினை ஓட்டவே இல்லை. மோட்டாரைக் கழற்றி விற்றார். பட்டறை போயிற்று. ஒரு கான்ட்ராக்டரிடம் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்து, கண் மங்கும்வரை சாக்கு எண்ணினார். மிஷின் மட்டும் ஒரு தார்ப்பாய்க்குக் கீழே முன்னறையிலேயே நின்றது. ஆயுத பூஜைக்கு அம்மா அதற்கும் சந்தனம் வைப்பாள். யார் வீட்டுக்கு வந்தாலும், "பின்னலைத் தூக்கிக் கட்டிக்கிட்டுத்தான் இந்தப் பக்கம் வரோணும்னு நூறு தடவை சொல்லியிருந்தேனுங்க, புள்ள கேக்கலை" என்று அப்பா சொல்வார். திட்டிச் சொன்னதில்லை. அமைதியாகத்தான் சொல்வார். வந்தவர்கள் என் தலையைப் பார்ப்பார்கள். நான் தரையைப் பார்ப்பேன். நூறு தடவை சொன்னது எனக்கு ஞாபகமில்லை. ஆனால் சொல்லியிருப்பார் என்றுதான் நம்பினேன்.

ஆஸ்பத்திரியில் அவருடைய கடைசி வாரத்தில் ஒரு நாள் மத்தியானம், இத்தனை வருடம் தொண்டையில் கிடந்ததை எப்படியோ சொல்லிவிட்டேன். "அப்பா, என்னாலதான் உங்க தொழில் போச்சு. மன்னிச்சிருங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். என் கையை இரண்டு முறை தட்டினார். "பரவால்ல கண்ணு" என்றார். அம்மா பக்கத்தில் கஞ்சி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள்.

அப்பா போன பிறகு அம்மாவை என்னோடு கிட்வாய் நகருக்குக் கூட்டிவந்துவிட்டேன். முனிர்கா வீட்டைத் தமிழ்நாட்டுப் பையன்கள் நாலு பேருக்கு வாடகைக்கு விடலாம் என்று புரோக்கர் சொன்னார். முன்னறை காலியாக வேண்டும். மாயாபுரி பழைய இரும்புக் கடையிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு, சம்மட்டியால் உடைத்துத்தான் எடுக்க முடியும் என்றான். எனக்கு அது பொறுக்கவில்லை. பாசத்தால் அல்ல. அப்பாவின் வாழ்க்கையை ஒரு தடவை கெடுத்தவள், மிச்சத்தையும் உடைக்க விடக் கூடாது என்று தோன்றியது. சரிசெய்து ஓடவைத்து, வேலை தெரிந்த யாரிடமாவது கொடுத்துவிட்டால் என் பாவம் கொஞ்சம் தீரும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை தோறும் போனேன். மண்ணெண்ணெய், கம்பி பிரஷ், உப்புத்தாள், இரண்டு ஸ்பானர். கைவேலை எதுவும் தெரியாதவள் நான். முதல் மாதம் பூராவும் துரு தின்ற ஒரு நட்டைக்கூட அசைக்க முடியவில்லை. பக்கத்துச் சந்தில் லேத் பட்டறை வைத்திருந்த சர்தார்ஜி ஒருவர், எட்டிப் பார்த்துவிட்டு, "ஜல்தி கூடாது மேடம்ஜி. எண்ணெய் விட்டுட்டுப் போங்க, அடுத்த வாரம் வாங்க" என்று இந்தியில் சொன்னார். அப்படியே செய்தேன். அடுத்த வாரம் இரண்டு நட்டு அசைந்தன. சுழலும் தண்டான ஸ்பிண்டிலை வெளியே தட்டும்போது அவசரப்பட்டு, பேரிங் மூடியில் போல்ட் நுழைகிற காதை உடைத்துவிட்டேன். வார்ப்பிரும்பு பிஸ்கட் மாதிரி உடையும் என்று எனக்குத் தெரியாது. துண்டைக் கையில் வைத்துக்கொண்டு முன்னறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். மறுபடியும் என்னால்தான் என்று இருந்தது. சர்தார்ஜி அதைப் பித்தளை உருக்கி ஒட்டித் தந்தார்.

மிஷின் எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று அப்பாவுக்குத் தெரியாது. "வெள்ளைக்காரன் காலத்துது" என்பார், அவ்வளவுதான். முதுகு வளைவில் ஆறேழு அடுக்குப் பெயின்ட்டுக்குக் கீழே எழுத்துகள் புடைத்திருப்பது கைக்குத் தட்டுப்பட்டது. சுரண்டினால் ஒரு ஊர்ப் பெயரின் கடைசி நாலு எழுத்தும் ஒரு எண்ணும் வந்தன. பழைய மிஷின்களைச் சரிசெய்கிறவர்களுக்கு இணையத்தில் குழுக்கள் இருக்கின்றன. அப்படி ஒன்றில் போட்டோக்களைப் போட்டேன். ஐந்தாம் நாள், எந்த நாடு என்றுகூடத் தெரியாத ஒரு பெரியவர், பழைய விலைப்பட்டியல் ஒன்றின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். எங்கள் மிஷின்தான். அதே வளைவு, அதே கைச்சக்கரம். ஆபீசில் உட்கார்ந்துகொண்டு அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அப்பா இதைப் பார்க்காமல் போய்விட்டாரே என்றுதான் முதலில் நினைத்தேன்.

படத்துக்குக் கீழே அந்தப் பெரியவர் ஒரு வரி கேட்டிருந்தார். கீழ்ப் புல்லியை மூடுகிற இரும்புக் கூடு உங்களிடம் இல்லையா?

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழ்ப் புல்லியையும் பெல்ட்டையும் சுற்றி அரைவட்டமாக ஒரு கூடு. இரண்டு பாதங்கள், நாலு போல்ட்.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு தடவை அப்பாவிடம் கேட்டிருக்கிறேன், இதுக்கு மூடி எதுவும் கிடையாதா என்று. "ஏலத்துல எடுக்கறப்பவே இப்படித்தான் இருந்துச்சு" என்றார். இது ஞாபகத்தில் இருந்தது. அதனால் அந்தப் பெரியவருக்கும் அப்படியே பதில் எழுதினேன்.

மேல்பாகங்களை முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் அடிப்பாகத்துக்கு வந்தேன். அங்கே விரல் கனத்துக்கு கிரீஸும் தூசியும் கட்டியாக உறைந்திருந்தன. அகப்பைக் காம்பால் சுரண்டி மண்ணெண்ணெயால் துடைத்தேன். நாலு துளைகள் தெரிந்தன, போல்ட் முடுக்க மரை போட்ட துளைகள். கூடு இருந்த இடம். துடைக்கத் துடைக்க, அவற்றைச் சுற்றி இரண்டு செவ்வகங்கள் வந்தன. மிஷின் முழுக்கப் பச்சைப் பெயின்ட். அந்த இரண்டு செவ்வகம் மட்டும் பழைய சாம்பல் நிறம். ஓரம் கத்தியால் வெட்டின மாதிரி நேராக இருந்தது.

அந்தப் பச்சை அப்பா அடித்தது. எனக்கு ஏழு வயது இருக்கும். டின்னை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். மிச்சமிருந்த பெயின்ட்டை வாசல் கதவுக்கு அடித்தார். அந்தக் கதவு இன்றைக்கும் பச்சைதான்.

எவ்வளவு நேரம் அங்கே குத்தவைத்திருந்தேன் என்று தெரியாது. கால் மரத்துப்போயிருந்தது. வேறு விதமாக ஆகியிருக்குமா என்று எத்தனையோ கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆகவில்லை. அப்பா பச்சை அடித்தபோது கூடு மேலே இருந்திருக்கிறது. கூட்டின் பாதத்துக்கு அடியில் பிரஷ் போகவில்லை. அதற்கும் நான் ஒன்பது வயதில் குனிந்ததற்கும் நடுவில்தான் யாரோ நாலு போல்ட்டைக் கழற்றியிருக்கிறார்கள். அந்த அறையில் ஸ்பானர் பிடித்தவர் ஒருவர்தான்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா பால்கனியில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மிஷினுக்கு மூடி இருந்துச்சா?"

அம்மா கை நின்றது. ஏன் கேட்கிறாய் என்று கேட்கவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இருந்துச்சு கண்ணு."

"எங்க அது?"

"அவரே எங்கியோ கொண்டுபோய்ப் போட்டுட்டாரு. நீ ஆசுபத்திரில இருக்கறப்ப."

"அதை எதுக்குக் கழட்டினாரு?"

"பெல்ட்டை மாத்தறதுக்கு ஒவ்வொரு தடவையும் நாலு போல்ட்டைக் கழட்டி மாட்டோணும், நேரம் போகுதுன்னு எடுத்து வெச்சுப்போட்டாரு. புள்ள நடமாடற எடம், மாட்டுங்கன்னு நானும் சொன்னேன். மாட்டலாம் மாட்டலாம்னாரு."

"அப்ப, பின்னலைத் தூக்கிக் கட்டச் சொன்னது?"

அம்மா அவரைக்காயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டாக்டரு எப்படி ஆச்சுன்னு கேட்டாரு. போலீசு வருமோன்னு இவருக்குப் பயம். புள்ள சொன்ன பேச்சைக் கேக்காமப் போயிருச்சுன்னு சொல்லிப்போட்டாரு. அப்பறம் வந்தவங்க போனவங்க எல்லார்கிட்டயும் அதையே சொன்னாரு. சொல்லிச் சொல்லி அவருக்கே அது நெசமாயிருச்சு."

"நீங்களும் சும்மா இருந்தீங்க."

"ஏற்கெனவே ஒடிஞ்சுபோய்க் கெடந்தாரு. நானும் ஒண்ணு சொன்னா தூக்குல தொங்கிருவாருன்னு இருந்துச்சு. நீ சின்னப் புள்ள, மறந்துருவேன்னு நெனச்சோம்."

"ஆஸ்பத்திரியில நான் மன்னிப்புக் கேட்டப்ப நீங்க அங்கதானே நின்னீங்க?"

அம்மா அவரைக்காயைக் கீழே வைத்தாள். அழ ஆரம்பித்தாள். எழுந்து போய் அவளைத் தொட வேண்டும் என்று தெரிந்தது. என்னால் முடியவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவர் கூட்டைக் கழற்றியதை மன்னித்துவிட முடியும். வேலை செய்கிறவர்கள் எல்லாரும் செய்கிற அவசரம்தான். நான் இரண்டே தட்டில் பேரிங் மூடியை உடைத்தவள். "பரவால்ல கண்ணு" என்றாரே, அதுதான் தாங்கவில்லை. சாகக் கிடந்தவர், என் மன்னிப்பை வாங்கி வைத்துக்கொண்டார். நேரமும் இருந்தது, வாயும் இருந்தது. மிஷினை எனக்கு ஏன் எழுதிவைத்தார் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். என்றைக்காவது நான் சுரண்டிக் கண்டுபிடிப்பேன் என்று நினைத்தாரா? அல்லது வீடு அம்மாவுக்கு என்றபின் எனக்குக் கொடுக்க வேறொன்றும் இல்லாததாலா? கேட்க ஆளில்லை. வரன் பார்க்க வந்தவர்கள் தலையைப் பார்த்துவிட்டுப் போன வருடங்களில், அப்பாவின் தொழிலைக் கெடுத்தவளுக்கு இது சரிதான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வருடங்களை எந்த மண்ணெண்ணெயில் ஊறவைப்பது?

ஒரு மாதம் முனிர்கா பக்கமே போகவில்லை. புரோக்கர் போன் செய்துகொண்டே இருந்தார். பையன்கள் காத்திருக்கிறார்கள், சொல்லுங்கள் மேடம். கழற்றிப்போட்ட பாகங்கள் தரையெல்லாம் கிடந்தன. அப்படியே விட்டால் மாயாபுரிதான். விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் தீர்மானமாக இருந்தேன். மூன்றாம் நாள் போய் மாட்ட ஆரம்பித்தேன். ஏன் என்று என்னால் இன்றும் சரியாகச் சொல்ல முடியாது. வீட்டில் அம்மாவோடு எதிரெதிரே உட்காருவதைவிட அது சுலபமாக இருந்தது.

சர்தார்ஜி பழைய மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். ஸ்விட்சை அவர்தான் போட்டார். நான் சுவரோரம் நின்றேன். மிஷின் சத்தமே இல்லாமல் ஓடியது. அவர் ஒரு இரும்புப் பட்டையில் துளை போட்டுக் காட்டி, "கமால் ஹே! அதிசயம்தான்! இந்தக் காலத்துல யாரு இப்படிச் செய்யறாங்க, மேடம்ஜி" என்றார். கோபமோ அழுகையோ வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"இதை நீங்களே எடுத்துக்குங்க சர்தார்ஜி" என்றேன். "காசு வேண்டாம். கீழே மூடி மட்டும் செஞ்சு மாட்டிருங்க." அந்த விலைப்பட்டியல் படத்தை அவர் போனுக்கு அனுப்பினேன். தகட்டில் அதே அரைவட்டமாகச் செய்து, நாலு போல்ட் போட்டு மாட்டினார். இரண்டு சைக்கிள் ரிக்‌ஷா வைத்து, மிஷினைப் பாகம் பாகமாகப் பிரித்து அவர் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். முன்னறைக்குப் பையன்கள் வந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து வீட்டு விஷயமாக அந்தச் சந்துக்குள் போனேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மூடி சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"பெல்ட் மாத்தறதுக்கு எடுத்தேன் மேடம்ஜி. இப்ப மாட்டிடறேன்" என்றார்.

"அச்சா. மாட்டுங்க, நான் நிக்கிறேன்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே நிறுத்திவிட்டு, நாலு போல்ட்டையும் முடுக்கினார். நான் நாலையும் கையால் அசைத்துப் பார்த்தேன். நான் சந்து முனையைத் தாண்டியதும் கழற்றிவிடுவார் என்று தெரியும். தினமும் வந்து நிற்க என்னால் முடியாது.

அம்மாவும் நானும் இப்போதும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். காலையில் அவள் காப்பி வைக்கிறாள், மாலையில் மாத்திரையை நான் எடுத்துத் தருகிறேன். அப்பாவின் முதல் திதிக்கு ஐயரிடம் சொல்லட்டுமா என்று போன வாரம் கேட்டாள். சொல்லுங்கள் என்றேன். ஆபீசுக்கு லீவு போட முடியாது என்றும் சொன்னேன். முடியும் என்று அவளுக்குத் தெரியும். சரி கண்ணு என்றாள்.