கேமராவின் பின்பக்கம் பார்க்காதவர்

என் பட்டமளிப்பு விழாவுக்கு யாருடைய உறவினராகவோ வந்திருந்தார் அவர். கழுத்துவரை வெட்டிய முடி, தோளில் ஃபிலிம் கேமரா, முப்பது வயதுகூட இருக்காது. படம் எடுத்ததும் எல்லோரும் கேமராவின் பின்பக்கத் திரையைப் பார்ப்பார்கள். அவருடையதில் திரை கிடையாது. அதனால் எதிரில் நிற்பவர்களையே இன்னும் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அம்மா கோபிநத்தத்திலிருந்து மைசூருக்கு பஸ் ஏறி வந்திருந்தாள். எல்லோரையும் போல போனில் எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. ஃபிலிமில் எடுத்துத் தருவீர்களா என்று அவரிடம் கேட்டேன்.

“ஸ்வல்ப யோசிம்மா. ரோல்ல ஒண்ணுதான் மிச்சம். கழுவி வர ரெண்டு வாரம் ஆகும். அம்மா இன்னைக்கே ஊர்ல காட்ட வேணாமா?” என்றார், கன்னடம் கலந்த தமிழில்.

எங்களுக்கெல்லாம் ஃபிலிம் எதற்கு என்கிறாரோ என்று எனக்குச் சுருக்கென்றது. அம்மா முந்திக்கொண்டாள்.

“போன்லயே எடுக்கட்டும் கண்ணு. பஸ்லயே நாலு பேத்துக்குக் காட்டோணும்.”

அம்மாவின் போனை வாங்கி அவரே எடுத்தார். ஒவ்வொரு படத்திலும் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஆண்ட்டி, நான் என்ன ஊசியா போடறேன்?”

எட்டாவது படத்தில்தான் கண் திறந்திருந்தது.

பிறகு நான் கறுப்பு அங்கியைக் கழற்றினேன். அம்மா அதை வாங்கிப் புடவைக்கு மேலேயே போட்டுக்கொண்டு, “எனக்கு எப்படி இருக்குது?” என்றாள். ஃபிலிம் கேமரா ‘க்ளிக்’ என்றது. அவர் கேமராவை இறக்கிவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பஸ்ஸுக்கு ஓடிய அவசரத்தில் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. போனில் இருக்கும் படத்தை ஊரே பார்த்துவிட்டது. அந்தக் கடைசிப் படத்தில் அம்மா கண்ணைத் திறந்திருந்தாளா என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.