ஷிப்ட் மாறிய படகு

“படிச்ச புள்ள மிஷின் ஓட்டலாம், போட் ஓட்ட முடியுமா? நடு ஏரில நின்னுக்கினு அழப் போற” என்றார் என் மாமா.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் டிப்ளமோ வரை முடித்த முதல் ஆள் நான். கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அந்த ஞாயிறு, என்னோடு வேலை செய்யும் தோழிகள் ரஹமத், தேவி இருவருடனும் பழவேற்காடு ஏரிக்குப் போனேன். எங்களுக்கு ஓட்டப் பழக்கிய ரஹமத்தின் அண்ணன், அன்றுதான் தன் மோட்டார் படகைத் தனியாகத் தந்தார். “முழுசா கொண்டாந்தாதான் மறுபடி தருவேன்” என்றார்.

எட்டத்தில் பூநாரைகள் நிற்க, நான் உற்சாகமாக ஓட்டினேன். “ஷிப்ட் முடிஞ்சுது, எழுந்திருடி” என்றாள் ரஹமத். தொழிற்சாலைப் பழக்கத்தில் கைப்பிடியை விட்டு உடனே எழுந்துவிட்டேன். அங்கே மிஷின் நின்ற பிறகுதான் ஆள் மாறுவோம். இங்கே என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பிடிப்பதற்குள் படகு சட்டென்று திரும்பிச் சேற்றில் ஏறி நின்றது.

நீச்சல் தெரியாத தேவி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மாமா சொன்னது பலித்துவிட்டதே என்று பதறி என்ஜினை அணைத்தேன். ரஹமத் கழியை விட்டு ஆழம் பார்த்தாள். “முட்டி அளவுதான்டி தண்ணி. இன்னாத்துக்கு இந்தக் கூச்சல்?”

மூவரும் இறங்கினோம். சிரித்த சிரிப்பில் தள்ளவே வெகுநேரம் ஆனது. படகில் ஒரு கீறல்கூட இல்லை.

இப்போதெல்லாம் வேகத்தைக் குறைத்து, அடுத்தவள் “புடிச்சிக்கினேன்” என்று சொன்ன பிறகே கையை எடுக்கிறேன். வருகிற ஞாயிறுக்கும் படகு கேட்டாகிவிட்டது. மாமாவின் தொப்பைக்கு ஏற்ற லைஃப் ஜாக்கெட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.