ஆர்வோ பூட்டிக்கொடுத்த வண்டி

சுப்பீரியர் ஏரிக்கரையில் கீவினாப் பக்கம் புது பிக்கப் வண்டி வாங்குகிறவன் சர்ச்சுக்குப் போகிறானோ இல்லையோ, ஆர்வோ கெஸ்டிலாவின் ஷெட்டுக்கு ஒருமுறை போயே தீருவான். படகையும் டிரெய்லரையும் இழுக்க வண்டியைத் தயார் செய்வதில் ஆர்வோவின் கை அப்படி. பேச்சு மட்டும் குறைவு. "ஆச்சு", "ஆகல", "நாளைக்கு வா". இந்த மூன்றையும் வைத்தே அவன் பாதி ஆயுளை ஓட்டிவிட்டான் என்று ஊரில் சிரிப்பார்கள்.

அப்படிப்பட்டவன், தன்னை விட்டுப் போகிற மனைவி மார்லிஸுக்கும் வண்டி பூட்டிக் கொடுத்தான்.

அவர்களுக்கு ஒரே பையன், ஈரோ. சுப்பீரியர் ஏரியில் அப்பனும் மகனும் சேர்ந்து மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அக்டோபர் காலை வலையை இழுக்கும்போது அலை ஒன்று படகைப் பக்கவாட்டில் தூக்கியது. சுக்கானைப் பிடித்திருந்த ஆர்வோ திரும்பிப் பார்த்தபோது பையன் நின்ற இடம் காலியாக இருந்தது. இருட்டும்வரை சுற்றிச் சுற்றித் தேடினான். அந்த ஏரியின் குளிர் மூழ்கின ஆளை மேலே விடாது. ஈரோ கிடைக்கவேயில்லை.

அன்றைக்குப் படகைக் கரையேற்றித் தார்ப்பாய் போட்டு மூடிய ஆர்வோ, அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை. மகன் பெயரையும் சொல்லவில்லை. மார்லிஸ் அதற்கு நேர்மாறு. அவளுக்கு அந்தப் படகில் ஏறி ஏரிக்குள் போக வேண்டும். "அவன் அங்கதான் இருக்கான் ஆர்வோ, நான் வேற எங்க போய்ப் பாக்குறது?" என்பாள். அவன் எழுந்து ஷெட்டுக்குப் போய்விடுவான். ஒரே வீட்டில் இரண்டு பேரும் இப்படிச் சில வருஷம் தனித்தனியாக அழுதுகொண்டிருந்தார்கள். கடைசியில் மார்லிஸ், பேஃபீல்டில் இருக்கும் அக்காவிடம் போவதென்று முடிவு செய்தாள். அதுவும் அதே ஏரியின் கரைதான். படகு அவளுடைய அப்பா கொடுத்தது. அதையும் கொண்டுபோவதாகச் சொன்னாள்.

"உன் வண்டி அதை இழுக்காது" என்றான் ஆர்வோ. "நான் பாத்துத் தரேன்."

பக்கத்து வீட்டு ஹாக்கன் ஷெட்டு வாசலில் காபியோடு வந்து நின்றான். "பொண்டாட்டி விட்டுட்டுப் போறதுக்கு வண்டி ரெடி பண்ணித் தர்ற ஒரே ஆளு நீதான்டா. இன்னும் ரெண்டு நாள் இழுத்தடியேன். மனசு மாறினாலும் மாறும்."

ஆர்வோ வண்டிக்கடியில் படுத்தபடியே சொன்னான்: "அவ போகத்தான் போறா. வழியெல்லாம் இறக்கம். நிறுத்த பிரேக் வேணாமா?"

ஹாக்கன் காபியை அங்கேயே வைத்துவிட்டுப் போனான்.

டிரெய்லரை மாட்டுகிற பழைய கொக்கி துருப்பிடித்திருந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, வண்டியின் சட்டத்திலேயே கனமான கொக்கியாகப் போல்ட் போட்டு இறுக்கினான். டிரெய்லரின் பிரேக்கை டிரைவர் சீட்டிலிருந்தே பிடிக்கிற பெட்டியை ஸ்டியரிங்குக்குக் கீழே பொருத்தினான். விளக்குகளுக்கு ஒயர் இழுத்தான். பின்னால் வருவது தெரிய அகலக் கண்ணாடி மாட்டினான். புறப்படுகிற அன்று காலையில் படகை டிரெய்லரோடு சேர்த்துப் பூட்டி, சங்கிலிகளைக் குறுக்காக மாட்டினான்.

பூட்டியதும் வண்டியின் பின்பக்கம் தரையைத் தொடுகிற மாதிரி அமுங்கியது. முன்பக்கம் தூக்கிக்கொண்டது.

"இது ஆகாது" என்றான். "முன்சக்கரம் ரோட்டப் பிடிக்காது. நீ ஒரு பக்கம் திருப்பினா வண்டி ஒரு பக்கம் போகும். படகோட மூக்குல என்ன இவ்வளவு கனம்?"

"நான் ஒண்ணும் வைக்கல" என்றாள் மார்லிஸ். "நீ எப்படி மூடினியோ அப்படியேதான் இருக்கு."

தார்ப்பாயை அவன்தான் விலக்க வேண்டியிருந்தது. படகின் முன்நுனியில் சாமான் போடுகிற மூக்கறையின் கதவைத் திறந்தான். நங்கூரம், அதன் சங்கிலி, அன்றைக்குப் பாதி இழுத்ததோடு அறுத்துப் போட்ட வலை. வலையின் மேல் ஈரோவின் மாற்று ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி, மடித்து வைத்த சட்டை, பாதி தின்றுவிட்டு மூடிவைத்த சாப்பாட்டு டப்பா.

ஆர்வோ மண்டியிட்டபடியே இருந்தான். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினான். மார்லிஸ் கீழே நின்று வாங்கினாள். நங்கூரத்தை இருவருமாகத் தூக்கி டிரெய்லர் சக்கரங்களுக்கு நேர் மேலே கொண்டுபோய்க் கட்டினார்கள். வலையும் பின்னால் போனது. வண்டி மெல்ல நிமிர்ந்து மட்டத்துக்கு வந்தது. பூட்ஸை மட்டும் எங்கே வைப்பதென்று இருவருக்கும் தெரியவில்லை.

"இது உனக்கு வேணுமா?" என்று கேட்டாள்.

அவன் தலையை ஆட்டினான். வேண்டுமென்கிறானா வேண்டாமென்கிறானா என்று அவளுக்குப் புரியவில்லை. ஒன்றை அவன் கையில் கொடுத்தாள். இன்னொன்றைத் தன் சீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

பிறகு விளக்கு பார்த்தார்கள். அவள் உள்ளே உட்கார, அவன் டிரெய்லருக்குப் பின்னால் போய் நின்றான்.

"இடது!"

"எரியுது."

"வலது!"

"எரியுது."

"பிரேக்! ஆர்வோ, பிரேக் எரியுதா?"

அவள் இறங்கிப் பின்னால் வந்து பார்த்தாள். டிரெய்லரைப் பிடித்துக்கொண்டு அவன் குனிந்து நின்றான். தோள் குலுங்கியது.

"ஈரோ கூப்பிட்டான் மார்லிஸ்" என்றான். "'அப்பா'ன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. வலையப் பிடின்னு கூப்பிடுறான்னு நெனச்சேன். 'இருடா வரேன்'னேன். இருடான்னு சொல்லிட்டேன்."

அவள் அவனைக் கட்டிக்கொண்டாள். பையன் போனதிலிருந்து அவர்கள் சேர்ந்து அழுதது அன்றுதான். இருவரும் சரளைமேலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"போகாத" என்றான் அவன்.

மார்லிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இத நீ அந்த வருஷமே சொல்லியிருந்தா உன்கூட உக்காந்திருப்பேன், ஆர்வோ. நீ என்னை அந்த வீட்டுல தனியா விட்டுட்ட. எனக்கு இப்ப தண்ணிக்குப் போகணும்." பிறகு அவன் கன்னத்தைத் தொட்டாள். "உன் மேல கோவம் இல்ல. இருடான்னு எந்த அப்பனும் சொல்லுவான்."

"இறக்கத்துல கியரக் குறைச்சிக்கோ" என்றான் அவன். "கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி, டிரெய்லர் சக்கர நடுவுல கை வெச்சுப் பாரு. சுடக்கூடாது."

"சரி."

சாயங்காலம் போன் வந்தது. "வந்து சேந்துட்டேன். ஆட்டமே இல்ல, நேரா வந்துச்சு" என்றாள். ஆர்வோ, "ஆச்சு" என்றான். பிறகு அவள் வைத்தாள்.

அதற்கப்புறம் ஆர்வோ கொஞ்சம் பேச ஆரம்பித்தான் என்று ஹாக்கன் சொல்வான். கொக்கி மாட்ட வந்தவனிடமெல்லாம் நடுவில், "என் பையன் ஈரோ இருந்தான்ல" என்று தொடங்கிவிடுவான். சிலர் உட்கார்ந்து கேட்டார்கள். சிலர் சாவியை வாங்கிக்கொண்டு நழுவினார்கள்.

அடுத்த ஜூலையில் அவன் பேஃபீல்டுக்குப் போனான். மார்லிஸ் படகுத்துறையில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வெயிலில் கறுத்திருந்தாள். "வரியா?" என்று கை நீட்டினாள். அவன் ஒரு காலைப் படகின் விளிம்பில் வைத்தான். படகு லேசாக ஆடியது. காலை எடுத்துவிட்டான்.

"பரவால்ல" என்று சொல்லிவிட்டு அவள் தனியாகப் போனாள்.

அவள் திரும்பி வரும்வரை ஆர்வோ அங்கேயே பலகையில் உட்கார்ந்திருந்தான். வந்ததும் கயிற்றைப் பிடித்துக் கட்டிக் கொடுத்தான். அக்கா வீட்டில் சாப்பிட்டுப் போகச் சொன்னாள். வேண்டாம், தூரம் இருக்கிறது என்று சொல்லி, ஊருக்கு வண்டியை எடுத்தான்.