அண்ணனுக்கு வராத சுகர்

எங்கள் போடியில் ஒருவருக்கு வியர்த்துக் கொட்டிக் கை நடுங்கினால் அது சுகர்தான். டீக்கடையிலேயே முடிவு சொல்லிவிடுவார்கள். பதினைந்து வருடமாக லேபில் ரத்தம் எடுக்கும் நானும் இந்த ஊர்க்காரிதானே!

என் அண்ணன் பட்டாளத்திலிருந்து வந்தபின், ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களை ஜீப்பில் மலைக்கு ஏற்றிப் போகிறார். ஒருநாள் காலையில் அவர்களில் ஒருத்தி அவரைக் கைத்தாங்கலாக லேபுக்குக் கூட்டி வந்தாள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"ரோட்டு வேலைக்குப் பாறைக்கு வெடி வச்சாகக்கா. சத்தம் கேட்டதும் அண்ணே வண்டிய நிப்பாட்டிட்டு அடியில பூந்துக்கிட்டாரு. பட்டாளத்துக்காரருக்கு வெடின்னா பயமான்னு நாங்க சிரிச்சுப்புட்டோம்" என்றாள்.

சுகர் இறங்கிவிட்டது என்று நினைத்து விரலில் குத்தினேன். இறங்கவில்லை, ஏறியிருந்தது. காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மறுநாள் வெறும் வயிற்றில் பார்த்தால் சுத்தமாக நார்மல். எங்கிருந்து வந்தது அந்தச் சர்க்கரை, எங்கே போனது? எனக்கு மண்டை குடைந்தது.

அம்மாவுக்கு அந்தக் குடைச்சல் எல்லாம் இல்லை. சுகர் ஏறியிருக்கிறது என்று கேட்ட அன்றே பாகற்காய்ச் சாறு ஆரம்பமாகிவிட்டது. அண்ணனும் மறுபேச்சில்லாமல் மூன்று மாதம் குடித்தார். அது எனக்கு இன்னும் வினோதமாக இருந்தது. கேட்டதற்கு லேப் வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார்:

"தாயி, ரிப்போர்ட்டுல சுகர்னே போட்டுக் குடுத்துரு. சுகர்னா யாரும் சிரிக்க மாட்டாக."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் மேல் அல்ல, எங்கள் எல்லோர் மேலும். முடியாது என்று சொல்லி, தேனியில் ஒரு மனநல மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

நான் கேட்ட கேள்விகளுக்கு டாக்டர், "பேஷண்ட் அவரா, நீங்களா?" என்று சிரித்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். சத்தம் கேட்டதும், யோசிக்க நேரம் வருமுன்பே மூளையில் அபாய மணி அடித்துவிடுகிறது. அட்ரினலின் சுரக்கிறது. ஓடவோ சண்டை போடவோ வேண்டுமே என்று கல்லீரல் சேர்த்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் அவிழ்த்து விடுகிறது. ஆபத்தைக் கண்ணால் கண்டுவந்த சிலருக்கு அந்த மணி லேசான சத்தத்துக்கும் அடிக்கும். இது போடிமெட்டு ரோடு, போர்முனை இல்லை என்று அறிவு சொல்வதற்குள் உடம்பு முந்திக்கொள்ளும்.

பதற்றத்தில் சுரக்கும் கார்ட்டிசால் எகிறியிருக்கும் என்று நானாகவே டெஸ்ட் எடுத்து வைத்திருந்த தாளைப் பெருமையாக நீட்டினேன். அதுவும் நார்மல். சிலருக்குக் குறைவாகக்கூட இருக்குமாம். இதை ரத்தத்தில் கண்டுபிடிக்க ஒரு டெஸ்ட் இல்லை, அவர் பேசினால்தான் தெரியும் என்றார் டாக்டர். என் மெஷின் தோற்றதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மாத்திரையோடு, வாராவாரம் வந்து பேச வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தார்.

வீடு திரும்பியதும் அம்மா வழக்கம்போல் டம்ளரை நீட்டினார். அண்ணன் வாங்கிக் கீழே வைத்தார்.

"எனக்குச் சுகர் இல்ல ஆத்தா."

"பின்ன என்னய்யா?"

"பயம்."

அம்மா சிரிப்பார் என்று நினைத்து நான் குறுக்கே போகப் பார்த்தேன். அவர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்குக் கேட்கத் தோன்றாத ஒன்றைக் கேட்டார்.

"அங்ஙன உன்கூட இருந்த பயலுக?"

"ரெண்டு பேரு வரல ஆத்தா" என்றார் அண்ணன்.